பல் போனால் பந்தயம் போச்சு

டர்போ பொருத்திய காரைப் பந்தயத் தடத்துக்குத் தயார் செய்கிறவர்கள் பணம் செலவழிக்கும் வரிசை ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதலில் எஞ்சினின் கணினியில் கை வைப்பார்கள். பிறகு பெரிய இன்டர்கூலர், அகலமான புகைக்குழாய். இன்னும் காசு மிஞ்சினால் பெரிய டர்போ. கியர்பாக்ஸ் பற்றிய நினைப்பு அது உடைந்த பிறகுதான் வரும். அதற்குள் கையிருப்பு கரைந்திருக்கும். அடுத்த பந்தயத்துக்கு மூன்று வாரம் பாக்கி இருக்கும். அந்த அவசரத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் ஒன்றே: கிடைப்பதிலேயே பெரிய பெட்டி எதுவோ அதைத் தேடி ஓடுவது. அது சரியான பெட்டியா என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

சென்னைக்கு அருகே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் கார்கள் சீறிய காலத்தில் இந்தச் சங்கடமே இருந்ததில்லை. அம்பாசடர், ஃபியட் என்று கையில் எது இருந்ததோ அதை ஓட்டினார்கள். அதோடு வந்த பெட்டியே பெட்டி. ஸ்டீயரிங் தண்டில் இருந்த கியர் கம்பியைத் தரைக்குக் கொண்டுவருவதே அன்று பெரிய சீர்திருத்தம். இன்று தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. தேர்வில் கோட்டை விடவும் வழி இருக்கிறது.

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் அச்சாவது குதிரைத்திறன். ஆனால் கியரின் பல்லுக்குக் குதிரைத்திறன் தெரியாது. அதன் மேல் விழுவது முறுக்கு விசை, பட்டறை மொழியில் 'டார்க்'. 200 குதிரைத்திறனை இரண்டு விதமாகப் பெறலாம். டர்போ இல்லாத ஒரு எஞ்சினை நிமிடத்துக்கு 6,700 சுற்று வரை விரட்டினால் 210 நியூட்டன் மீட்டர் டார்க்கிலேயே அது வந்துவிடும். டர்போ எஞ்சின் 4,700 சுற்றிலேயே அதே 200 குதிரையைத் தரும். ஆனால் அதற்கு 300 நியூட்டன் மீட்டர் வேண்டும். குதிரைகளின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. பல்லின் மேல் விழும் அடியில் 40 சதவீதத்துக்கும் மேல் வித்தியாசம். 'அந்தக் கார் 200 குதிரையை இதே பெட்டியில் ஓட்டுகிறதே' என்று டர்போ இல்லாத காரைக் காட்டி வாதிடுகிறவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

இந்தியச் சாலைகளில் ஓடிய ஒரு காரை வைத்தே பேசலாம். ஸ்கோடாவின் ஆக்டேவியா ஆர்எஸ் 2004இல் இங்கே விற்பனைக்கு வந்தது. 1.8 லிட்டர், 20 வால்வு, டர்போ பெட்ரோல் எஞ்சின். 150 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர், ஐந்து கியர். டர்போ பெட்ரோல் கார் என்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. பழைய கார் சந்தையில் அதைத் தேடிப் பிடித்துத் தடத்துக்கு இறக்குகிறவர்கள் இன்றும் உண்டு. எஞ்சின் கெட்டியானது, கேட்டதைக் கொடுப்பது. கணினியில் சின்ன மாற்றம் செய்தாலே டார்க் கணிசமாக ஏறும். அப்புறம்தான் கேள்வி பிறக்கிறது: கூடவே வந்த ஐந்து கியர் பெட்டியைப் பிரித்துக் கோர்ப்பதா, அல்லது அதே நிறுவனக் குடும்பத்தின் பெரிய ஆறு கியர் பெட்டியை வாங்கி அதைக் கோர்ப்பதா?

இந்த இரண்டு பெட்டிகளுக்கும் தொழிற்சாலை வைத்த பெயரிலேயே பாதி பதில் இருக்கிறது. ஐந்து கியர் பெட்டிக்கு '02ஜே' என்று ஒரு குறியீடு. ஃபோக்ஸ்வாகன் குடும்ப வழக்கில் அது 'எம்க்யூ 250' வகை. ஆறு கியர் பெட்டி '02எம்'. அது 'எம்க்யூ 350'. அந்த 250, 350 என்பவை அந்தப் பெட்டிகளுக்கு வகுத்த நியூட்டன் மீட்டர் கணக்கு. (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் இந்தச் சூத்திரத்தை நம்பக் கூடாது. போலோ ஜிடியில் வந்த 'டிக்யூ 200' பெட்டிக்கு வகுத்தது 250 நியூட்டன் மீட்டர். 'டிக்யூ 250'க்கு 350.)

அந்த எண்ணைத் தயாரிப்பாளர்களே எப்படி மதித்தார்கள் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். இந்தியாவுக்கு வந்த ஆர்எஸ் 210 நியூட்டன் மீட்டர், ஐந்து கியர். ஐரோப்பாவில் விற்ற 180 குதிரை ஆர்எஸ் 235. அதற்கும் ஐந்து கியர். அதே அடித்தளத்தில், அதே 1.8 டர்போ எஞ்சினோடு ஸ்பெயின் நாட்டு சீட் நிறுவனம் விற்ற லியோன் குப்ரா ஆர், 225 குதிரையில் 280 நியூட்டன் மீட்டர் கொடுத்தது. அதற்கு ஆறு கியர் பெட்டி. கோடு எங்கே விழுகிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

அப்படியானால் 250ஐத் தாண்டிய மறுநாளே பெட்டி வெடித்துவிடுமா? இல்லை. அந்த எண், சாலையில் பல ஆண்டுகள் பழுதில்லாமல் ஓடுவதற்கு எழுதிக் கொடுத்த வாக்குறுதி. மீறினால் ஆயுள் குறையும், அதுவும் கணிசமாக. பால் பேரிங்குக்கு ஒரு பழைய பொறியியல் கணக்கு உண்டு: சுமை எவ்வளவு கூடுகிறதோ, ஆயுள் அதன் மும்மடிப் பெருக்கத்தில் குறையும். சுமையை 25 சதவீதம் ஏற்றினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. இரட்டிப்பாக்கினால் எட்டில் ஒரு பங்கு. ஆகவே 'இந்தப் பெட்டி 300ஐத் தாங்குமா' என்று கேட்பதில் பயனில்லை. 'எத்தனை பந்தயத்துக்கு ஒரு முறை இதைத் திறந்து பார்க்க மனமும் பணமும் இருக்கிறது' என்பதே கேள்வி. பட்டறையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பலர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

பல் எந்தக் கியரில் உடைகிறது என்பதும் கவனிக்கத் தக்கது. கணக்குப்படி பார்த்தால் முதல் கியரில்தான் பல்லின் மேல் விசை அதிகம்; அங்கே ஓட்டும் சக்கரம்தான் எல்லாவற்றிலும் சின்னது. ஆனால் முன்சக்கரங்கள் இழுக்கும் காரில் முதல் கியரில் முழு விசை கொடுத்தால் டயர் பிடிப்பை விட்டுச் சுழன்றுவிடும். பல் தப்பிக்கிறது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் டயர் தரையைக் கவ்விப் பிடிக்கும், டர்போவும் முழுமூச்சில் இருக்கும். அடி விழும் இடம் அது. பழைய அம்பாசடரில் டாப் கியர் போட்டுவிட்டால் எஞ்சின் தண்டும் பின்னால் போகும் தண்டும் நேராக ஒன்றாகிவிடும், பற்களுக்கு ஓய்வு. எஞ்சின் குறுக்கே படுத்திருக்கும் ஆக்டேவியா போன்ற கார்களில் அந்த ஓய்வு கிடையாது. எந்தக் கியரிலும் பல் வழியாகத்தான் சக்தி போயாக வேண்டும்.

போகும்போது பற்கள் ஒன்றையொன்று சுழற்றுவதோடு நிற்பதில்லை, தள்ளவும் செய்கின்றன. சாய்வாக வெட்டிய பற்கள் தண்டுகளைப் பக்கவாட்டிலும் தள்ளும், ஒன்றைவிட்டு ஒன்றை விலக்கவும் பார்க்கும். சுமை மிஞ்சினால் அலுமினிய உறை மயிரிழை வளைந்து கொடுக்கிறது. அப்போது பல்லின் முழு அகலமும் பொருந்தாமல் விளிம்பு மட்டும் மோதும். விளிம்பில்தான் முதல் விரிசல். பெரிய பெட்டியின் பலம் அதன் தண்டுகளின் இடைவெளியிலும், பற்களின் அகலத்திலும், உறையின் கனத்திலும் இருக்கிறது. எத்தனை கியர் என்பதில் இல்லை. ஆறு கியர் என்பதால் மட்டுமே ஒரு பெட்டி பலமானது என்று நினைத்து வாங்கினால், அதே நீளத்துக்குள் இன்னொரு ஜோடிச் சக்கரத்தைத் திணித்து, எல்லாப் பற்களையும் மெலிய வைத்த பெட்டியும் கையில் வந்து சேரலாம். 02எம் அப்படிப்பட்டதல்ல. அதில் வெளியே போகும் தண்டுகள் இரண்டு; சக்கரங்களைப் பங்கு போட்டுக்கொள்வதால் பெட்டி குட்டையாகவும் கெட்டியாகவும் இருக்கிறது.

பெரிய பெட்டியையே போட்டுவிட வேண்டியதுதானே என்று தோன்றும். போடலாம். எஞ்சினோடு போல்ட் பொருந்தும். பொருந்தாதவை அதன் பிறகு வரிசையாக வரும். ஐந்து கியர் பெட்டியில் கிளட்சை அழுத்தும் சிலிண்டர் வெளியே இருக்கிறது. கோளாறு என்றால் கழற்றி மாற்றலாம். ஆறு கியர் பெட்டியில் அது உள்ளே, தண்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. ஒழுக ஆரம்பித்தால் முழுப் பெட்டியையும் இறக்க வேண்டும். ஃப்ளைவீல் வேறு, கிளட்ச் வேறு, ஸ்டார்ட்டர் வேறு. தாங்கும் பிராக்கெட், கியர் கேபிள், சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் எல்லாவற்றையும் சரிபார்த்து மாற்ற வேண்டியிருக்கும். முன்சக்கரத்தின் மேல் ஏற்கெனவே பாரம் அதிகமுள்ள காரில் இன்னும் கொஞ்சம் பாரம் ஏறும். பெட்டியை ஒரு விலைக்கு வாங்கி, அதைக் காரில் உட்கார வைக்க இன்னொரு விலை கொடுத்தவர்கள் ஏராளம். ஒரு கேபிளுக்காகவோ ஒரு ஆக்ஸில் முனைக்காகவோ மாதக்கணக்கில் ஜாக்கியின் மேல் நிற்கும் கார்களும் உண்டு.

கியர் விகிதம் பற்றிய வாதம் சுவாரசியமானது. ஆறு கியர் இருந்தால் கியருக்குக் கியர் இடைவெளி குறையும், எஞ்சின் எப்போதும் சுறுசுறுப்பான சுற்றிலேயே இருக்கும் என்பார்கள். 1.8 டர்போவோடு பரவலாக வந்த ஒரு 02ஜே பெட்டியின் விகிதங்கள்: 3.30, 1.94, 1.31, 1.03, 0.84, கடைசி விகிதம் 3.94. எஞ்சினை 6,500 சுற்று வரை ஓட்டினால் இரண்டாவதில் சுமார் 100 கிலோமீட்டர் வேகம், மூன்றாவதில் 148, நான்காவதில் 187. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது 6,500லிருந்து சுமார் 4,400க்கு எஞ்சின் இறங்குகிறது. பெரிய சரிவுதான். ஆனால் அந்த 150 குதிரை எஞ்சின் தன் முழு டார்க்கையும் 1,750லிருந்து 4,600 சுற்று வரை ஒரே சமமாகத் தருகிறது. 4,400 அதற்கு வீட்டு முற்றம். சிறிய டர்போ உள்ள காருக்கு நெருக்கமான விகிதம் ஆடம்பரமே தவிர அவசியமல்ல. கூடுதலாக ஒரு கியர் மாற்றினால், ஒவ்வொரு முறையும் கால் எடுத்த நொடியில் டர்போவின் அழுத்தம் இறங்கி ஏற வேண்டும். அதில் நேரம்கூட நஷ்டமாகலாம்.

பெரிய டர்போ போட்டால் கதை வேறு. அது 4,000 சுற்றைத் தாண்டித்தான் கண் விழிக்கும் என்றால், 4,400க்கு இறங்குவது தூக்கத்தின் விளிம்பில் போய் நிற்பதற்குச் சமம். அங்கே ஆறாவது கியர் தன் விலைக்கு நியாயம் சொல்லும். அதனால் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் டர்போவைத் தேர்ந்தெடுத்து முடித்திருக்க வேண்டும். தலைகீழாகச் செய்கிறவர்களே அதிகம்.

தடமும் பேசும். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள காரி தடம் 2.1 கிலோமீட்டர். இருங்காட்டுக்கோட்டை 3.7 கிலோமீட்டர். கிரேட்டர் நொய்டாவின் புத்தா தடம் 5.125 கிலோமீட்டர், அதன் நீண்ட நேர்கோடு மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல். காரியில் சுமாரான ஒரு டர்போ கார் இரண்டு, மூன்று, நான்கு என்ற மூன்று கியரிலேயே பொழுதைக் கழித்துவிடும். புத்தாவில் நான்காவது திணற ஆரம்பிக்கும்; ஐந்தாவதைத் தொட நேரும். ஆண்டு முழுவதும் காரியில் ஓட்டப் போகிறவர் ஆறாவது கியருக்குப் பணம் கொடுப்பது, மாடியில்லாத வீட்டுக்கு லிஃப்ட் வைப்பது போல.

இனி, 02ஜே பெட்டியைப் பற்றித் தெரிந்தவர்கள் முதலில் சொல்லும் விஷயம். அதன் எமன் பல்லில் இல்லை, ரிவெட்டில் இருக்கிறது. டிஃபரன்ஷியலில் பெரிய கிரவுன் சக்கரத்தை அதன் கூட்டோடு பிணைத்திருப்பவை ரிவெட்டுகள். சாலையில் ஓட்டும்வரை அவற்றைப் பற்றிக் கேள்விப்படவே வேண்டாம். தடத்தில் சக்கரம் சுழன்று, திடீரென்று தரையைப் பிடித்து, மறுபடி சுழன்று என்று அடி மேல் அடி விழும்போது ரிவெட்டின் தலை தெறிக்கிறது. தெறித்த துண்டு உள்ளே சுற்றி, அலுமினிய உறையைக் குத்திக்கொண்டு வெளியே வரும். எண்ணெய் தடத்தில் கொட்டும். பின்னால் அந்த வளைவை நோக்கி முழு வேகத்தில் வருகிறவருக்கு அது தெரியாது. கியர்பாக்ஸ் தேர்வை ஒருவரின் சொந்தச் செலவு விவகாரம் என்று ஒதுக்க முடியாததற்கு இதுவே காரணம்.

இதற்கு வைத்தியம் எளிது. ரிவெட்டை எடுத்துவிட்டு, அதற்கென்றே தயாராகும் உயர்தர போல்ட்டுகளைப் பூட்டலாம். அதைவிட நல்லது, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் ஒன்றையே பொருத்துவது. பிரிட்டனின் குவைஃப் போன்ற நிறுவனங்கள் இந்தப் பெட்டிக்கு அதைத் தயாரிக்கின்றன. அதில் கிரவுன் சக்கரம் போல்ட்டில்தான் நிற்கும். ரிவெட் பயம் அதோடு தீர்ந்தது. உபரி லாபமாக, வளைவிலிருந்து வெளியேறும்போது உள்சக்கரம் வீணாகச் சுழல்வது குறைந்து, கார் முன்னேறும். முன்சக்கர டர்போ காரில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அது ஆறாவது கியருக்குப் போவதைவிட இதற்குப் போவது மேல். சுற்று நேரத்தைக் குறைப்பதும் இதுதான், பெட்டியைக் காப்பதும் இதுதான்.

கிளட்சைப் பற்றியும் ஒரு தவறான பெருமை உலவுகிறது. வழுக்காத கிளட்ச் வேண்டும் என்று, 500 நியூட்டன் மீட்டர் தாங்கும் கட்டையான உலோகத் தட்டை வாங்கி மாட்டுவார்கள். வீட்டில் ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று கெட்டியான கம்பியைச் சுற்றி வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஃப்யூஸ் பிழைக்கும், வயரிங் எரியும். எஞ்சினின் டார்க்கைவிடக் கொஞ்சம் மட்டும் அதிகம் தாங்கும் கிளட்ச், எதிர்பாராத அடி விழும்போது ஒரு நொடி வழுக்கிப் பல்லைக் காப்பாற்றும். கிளட்ச் தட்டின் விலையும் கியர் ஜோடியின் விலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் எது உடையலாம் என்பது புரிந்துவிடும். அதேபோல முதல் இரண்டு கியர்களில் டர்போ அழுத்தத்தைக் குறைத்துவைக்க எஞ்சின் கணினியிலேயே வழி செய்யலாம். எப்படியும் டயர் சுழன்று வீணாகப் போகிற டார்க்தான் அது.

சிலர் இதையெல்லாம் தாண்டி நேரே 'சீக்வென்ஷியல்' பெட்டிக்குத் தாவ விரும்புகிறார்கள். கம்பியை முன்னும் பின்னும் இழுத்தால் வரிசையாகக் கியர் விழும் பெட்டி. உள்ளே சிங்க்ரோ வளையம் கிடையாது. முரட்டுப் பற்கள் நேராக மோதிக் கவ்வும். கிளட்சை மிதிக்காமலேயே மேல் கியருக்கு மாற்றலாம். நேரம் மிச்சம், டர்போ அழுத்தமும் இறங்காது. பட்டறைக்குள் அதன் அலறலைக் கேட்டாலே சிலருக்குப் புல்லரிக்கும். ஆனால் விலை, ஒரு நல்ல பழைய ஆக்டேவியாவின் விலையைவிட அதிகம். கவ்வும் முரட்டுப் பற்களின் முனை மழுங்கும். குறித்த கால இடைவெளியில் திறந்து மாற்ற வேண்டும். மாற்றுச் சாமான் கடல் கடந்து வர வேண்டும், சுங்கம் கட்ட வேண்டும். இன்னொன்று: நேராக வெட்டிய பற்கள் என்பதாலேயே அவை பலமானவை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அப்படியல்ல. நேர்பற்கள் தண்டைப் பக்கவாட்டில் தள்ளாது, அவ்வளவே. பலம் எஃகின் தரத்திலும் பல்லின் அகலத்திலும் உருவத்திலும் வருகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், ஓட்டப்போகும் பிரிவின் விதிப்புத்தகத்தைப் படிக்க வேண்டும். தொழிற்சாலைப் பெட்டியைத்தவிர வேறெதையும் அனுமதிக்காத பிரிவுகள் உண்டு. பெட்டியைப் பூட்டிவிட்டுப் புத்தகத்தைத் திறப்பது நடக்காத கதையல்ல.

ஆக, 300 நியூட்டன் மீட்டரை ஒட்டி நிற்கப் போகிறவருக்கு ஐந்து கியர் பெட்டியை நன்றாகக் கோர்ப்பதே உத்தமம். 350ஐ எட்டும் உத்தேசம் இருந்தால் ஆறு கியர் பெட்டிக்கு ஆரம்பத்திலேயே போய்விடலாம். அதற்கான எல்லாச் சில்லறைச் செலவையும் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு.

முடிவெடுத்த பிறகு, பிரித்துக் கோர்க்க எந்தப் பெட்டியை வாங்குவது? சென்னை புதுப்பேட்டை, மும்பை குர்லா, டெல்லி மாயாபுரி என்று பழைய சாமான் சந்தைகளில் பெட்டிகள் அடுக்கிக் கிடக்கும். வெளியே கழுவிப் பளபளவென்று வைத்திருப்பதைப் பார்த்து மயங்கக் கூடாது. உறையில் பொறித்திருக்கும் குறியீட்டு எழுத்துகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே 02ஜே பெயரில் டீசலுக்கு ஒரு விகிதம், பெட்ரோலுக்கு ஒரு விகிதம் என்று பல உண்டு. டீசல் காருக்கான நீண்ட விகிதப் பெட்டியைத் தெரியாமல் வாங்கிப் பெட்ரோல் காரில் மாட்டினால் கார் சோம்பிக் கிடக்கும்.

எண்ணெய் வடிகட்டாத பெட்டியாகப் பார்த்து வாங்குவது நல்லது. எண்ணெய்தான் அதன் ஜாதகம். கொஞ்சம் வடித்துத் துணியில் தேய்த்துப் பார்க்கலாம். மஞ்சளாக மின்னும் தூள் காந்தத்தில் ஒட்டாவிட்டால் அது சிங்க்ரோ வளையத்தின் பித்தளை. வளையம் தேய்ந்திருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். காந்தத்தில் ஒட்டும் செதில்கள் இருந்தால் பேரிங்கோ பல்லோ உதிர ஆரம்பித்திருக்கிறது. விலையைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது நடையைக் கட்டலாம். எண்ணெய் கறுத்து எரிந்த வாடை அடித்தால் அந்தப் பெட்டி வற்றிய எண்ணெயில் ஓடியிருக்கிறது. உள்ளே போகும் தண்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். தாராளமாக ஆடினால் பேரிங் போயிற்று. டிஃபரன்ஷியலைச் சுற்றியுள்ள உறையிலும் போல்ட் காதுகளிலும் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது அவசியம். பல்லும் பேரிங்கும் மாற்றக்கூடியவை. பேரிங் உட்காரும் குழி நீள்வட்டமாகிப்போன உறையை எவ்வளவு செலவழித்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கஷ்டம்.

கோர்க்கும் வேலையில் கஞ்சத்தனம் செய்யும் இடம் எப்போதும் ஒன்றுதான்: பழைய பேரிங்கைக் கழுவித் திரும்பப் போடுவது. சத்தம் வரவில்லையே என்பார்கள். மும்மடிக் கணக்கை நினைத்தால் அந்தத் துணிச்சல் வராது. பேரிங்கையோ டிஃபரன்ஷியலையோ உறையையோ மாற்றினால், டிஃபரன்ஷியல் பேரிங்குக்கு அழுத்தம் கொடுக்கும் ஷிம் தகடுகளை மறுபடி அளந்து போட வேண்டும். பழைய தகடே போதும் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் கைகுலுக்கிவிட்டு அடுத்த பட்டறைக்குப் போகலாம். இந்த அளவை கண்மதிப்பில் வருவதல்ல. டயல் கேஜ் வேண்டும், பொறுமை வேண்டும், ஒருமுறை கோர்த்து அளந்து, மறுபடி பிரித்து, மறுபடி கோர்க்க வேண்டும். சிங்க்ரோ வளையத்துக்கும் கியருக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்து, தேய்மான எல்லையைத் தொட்டதை ஒதுக்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது கியர்களின் வளையங்களைப் பார்க்காமலே மாற்றினாலும் தப்பில்லை. தடத்தில் அதிகம் அடிபடுகிறவை அவைதான். கியரை நகர்த்தும் ஃபோர்க்கின் முனைகளையும் பார்க்க வேண்டும். அது தேய்ந்தால் கியர் முழுதாக விழாது. பாதி விழுந்த கியரில் முழு டர்போவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெயில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 'ஜிஎல்-5' என்பது 'ஜிஎல்-4'ஐவிடப் பெரிய எண், ஆகவே மேலான சரக்கு என்று கடைக்காரரே சொல்லிக் கொடுப்பார். ஜிஎல்-5 பின் ஆக்ஸில் கிரவுன் பினியனின் கடும் உரசலுக்காகச் செய்தது. சிங்க்ரோ வளையம் வேலை செய்ய உரசல் தேவை. அந்த எண்ணெயில் வழுக்கல் அதிகமாகிக் கியர் தகராறு செய்யும். அதிலுள்ள கந்தகச் சேர்மானங்கள் சிலவற்றுக்குப் பித்தளையும் ஆகாது. தயாரிப்பாளர் சொன்ன ரகம் எதுவோ அதுவே போதும். ஆனால் சாலைக் காருக்குச் சொன்ன கெடுவைத் தடத்துக் காருக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

கோர்த்த பெட்டியோடு முதல் நாளே சுற்று நேரம் பார்க்க ஆசை வரும். முதலில் டர்போ அழுத்தத்தைக் குறைத்து நூறு இருநூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிவிட்டு, எண்ணெயைச் சூட்டோடு வடித்து, வடிகால் போல்ட்டையும் அடியில் தங்கிய வண்டலையும் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும். மெல்லிய சாம்பல் நிறப் பசை படிந்திருந்தால் கவலையில்லை. புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று பழகிய அடையாளம். நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு ஒட்டியிருந்தால், பந்தயத்துக்கு இரண்டு நாளே இருந்தாலும், பெட்டியை மறுபடி இறக்கத்தான் வேண்டும்.